குரனாவின் முதுகு

ஜார்ஜியா நாட்டின் துஷேத்தி மலையிலிருந்து திரும்பி ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. "ஐந்து நாளும் குதிரையிலேயா?" என்று கேட்கிறவர்களிடம் நானும் சலிக்காமல் கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கல் கோபுரங்கள், கோடையிலும் பனி கரையாத முகடுகள், ஆட்டு மந்தைக்குக் காவல் இருக்கும் கன்றுக்குட்டி உயர நாய்கள் என்று கதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் கிரேவி என்ற கிராமத்தில் நடந்ததை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்விடுகிறேன். (ஊரின் பெயரே அதுதான். அதை வைத்து நானும் மனைவியும் அடித்த சாப்பாட்டு வேடிக்கைகளை இங்கே எழுதப் போவதில்லை.) கேட்கிறவர்களுக்கு இடையில் ஒரு நாள் விட்டுப்போனது தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்வதில்லை. கதை கணவாயைக் கடந்து கீழே இறங்கும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஜார்ஜியாவைப் பற்றி இன்று யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கிற நம்மவர்களில் பாதிப் பேருடைய தொலைபேசியில் கஸ்பேகி தேவாலயத்தின் முன் எடுத்த படம் இருக்கும். துஷேத்தி அந்தப் பாதையில் வருவதில்லை. நாட்டின் வடகிழக்கு மூலையில், காகசஸ் பெருந்தொடரின் மறுபக்கச் சரிவில் கிடக்கும் நிலம் அது. வடக்கே செச்சன்யா, கிழக்கே தாகெஸ்தான். வண்டி போவதற்கு இருப்பது ஒரே தடம்: சமவெளியில் உள்ள அல்வானியில் தொடங்கி, 2,800 மீட்டருக்கு மேல் இருக்கும் அபானோ கணவாயை ஏறிக் கடந்து, ஓமாலோவில் முடிகிறது. எழுபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் அந்தத் தூரத்துக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கிறது. ஜூனில் பனியை விலக்கித் திறந்தால் அக்டோபரில் மறுபடி மூடிவிடும். அதற்குள் ஊரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் மேலே தங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே நாங்கள் பார்த்த கிராமங்கள் எல்லாமே கோடைக்கு மட்டும் மூச்சு வருகிற கிராமங்கள்.

நாங்கள் இருவர், வழிகாட்டியாக வந்த அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், மொழிபெயர்க்க அவருடைய தம்பி மகன். அந்தப் பையன் திபிலிசியில் படிக்கிறான். கோடையில் பெரியப்பாவோடு மலைக்கு வந்துவிடுவான். ஏறுவதற்கு நான்கு குதிரைகள், மூட்டைக்கு ஒன்று. ஓமாலோவிலிருந்து தார்த்லோ, அங்கிருந்து பிரிகித்தி அலசானி ஆற்றை ஒட்டி மேலேறி சேஷோ, பார்ஸ்மா வழியாகக் கிரேவி. பிறகு பார்ஸ்மாவுக்குத் திரும்பி, 2,900 மீட்டர் உயரத்தில் உள்ள நக்கைச்சோ கணவாயைக் கடந்து அடுத்த பள்ளத்தாக்கின் வெர்கோவானி. கடைசியாகத் தோச்சு, போச்சோர்னா வழியாக மீண்டும் ஓமாலோ. ஒரு வட்டம்.

சுண்ணாம்புப் புள்ளிகள்

குதிரை என்றால் நம் மனத்தில் எழும் உருவம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே போன பிறகுதான் யோசித்தேன். எனக்கு அது ஐயனார் கோயில் வாசலிலிருந்து வந்திருக்கிறது. ஆளை விட உயரமாக, விழி பிதுங்கி, முன்னங்காலைத் தூக்கி நிற்கிற மண்குதிரை. புரவி என்ற சொல்லே அந்த உயரத்துக்காகச் செய்தது போல இருக்கும். ஓமாலோவில் வேலியோரம் கட்டியிருந்தவற்றைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், ஏமாற்றமாக இருந்தது. தோள் உயரம் நான்கரை அடி இருந்தால் அதிகம். பருத்த வயிறு, குட்டைக் கால்கள், கண்ணை மறைக்கும் பிடரி மயிர். துஷ் இனக் குதிரைகள் அப்படித்தான் இருக்கும், இந்த மலைக்கு உயரமான குதிரை உதவாது என்று பையன் சொன்னான்.

அவற்றில் ஒன்று செம்பழுப்பு நிறம். அந்த நிறக் குதிரைக்கு அவர்கள் மொழியில் வழங்கும் குரனா என்ற சொல்லே அதற்குப் பெயராகிவிட்டிருந்தது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், இடப்பக்கமாக, இரண்டு வெள்ளைப் புள்ளிகள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை யாரோ அதன் மேல் இரண்டு தடவை ஒற்றி எடுத்தது போல. அழகாக இருந்தது. அந்தப் புள்ளிகளுக்காகவே நான் அதைக் கேட்டு வாங்கினேன். மனைவிக்குச் சாதுவான பெட்டைக் குதிரை ஒன்று கிடைத்தது. பெரியவருடையது சாம்பல் நிறம்.

பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மரச்சட்டத்தின் மேல் தோல் மெத்தை கட்டிய சேணம், அதற்குக் கீழே மடித்துப் போட்ட கம்பளி, முன்னால் சரியாமல் இருக்க வாலுக்கு அடியில் ஒரு வார், பின்னால் சரியாமல் இருக்க மார்பின் குறுக்கே ஒரு வார். குதிரையை நடக்க வைக்க "ஆச்சு!" என்று சொல்ல வேண்டும். கிளம்பும்போதே ஆச்சு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியாத விஷயமாகிவிட்டது. மெதுவாக என்பதற்கு "நெலா". அதுவும் நம் ஊர்ப் பேச்சில் கேட்ட சொல்லாகவே இருந்ததால் இரண்டும் உடனே மனத்தில் நின்றுவிட்டன. மூன்றாவதாக ஒரு சொல்லைப் பெரியவர் என்னைப் பார்த்து அடிக்கடி சொன்னார்: "ஸ்த்சோராத்." சபாஷ் என்பது போல ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஸ்த்சோராத் என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மலைத்தடத்தில் குதிரை நடுவில் நடப்பதில்லை. பள்ளத்தின் விளிம்பு எதுவோ அதை ஒட்டியே நடக்கும். பக்கவாட்டில் மூட்டை கட்டிப் பழகிய விலங்கு, உட்பக்கம் போனால் மூட்டை பாறையில் இடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறது. முதுகில் மூட்டைக்குப் பதிலாக ஆள் இருக்கும் நாளிலும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. தார்த்லோவிலிருந்து கிரேவிக்கு ஆற்றை எதிர்த்துப் போகும்போது மலை வலக்கைப் பக்கம், ஆறு இடக்கைப் பக்கம். பெரும்பாலும் ஜீப் போகக்கூடிய அகலமான தடம்தான். பயப்பட ஒன்றும் இல்லை என்று பின்னால் வந்த பையன் சொல்லிக்கொண்டே வந்தான். ஆனால் என் இடது பாதத்துக்கு நேர் கீழே ஆறு நுரைத்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு என் உடம்பு யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. மலையை நோக்கிச் சாய்ந்துகொண்டது. "என்னங்க, ஆபீஸ் நாற்காலியில சாயற மாதிரியே வலப்பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கீங்க" என்று மனைவி பின்னாலிருந்து சொன்னாள். கழுத்து வலிக்கும் என்று எனக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு நாட்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தார்த்லோவின் வீடுகள் பலகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டியவை; கூரையும் அதே கல். மாலை வெயிலில் ஊர் முழுவதும் ஒரே பாறையில் செதுக்கியது போல் தெரிந்தது. வழியில் ஆட்டுக்கிடாக் கொம்புகள் வைத்த சிறிய கல் வழிபாட்டு இடங்கள் வந்தன. பெண்கள் அவற்றை நெருங்கக் கூடாது என்பதால் மனைவியின் குதிரையை மட்டும் பையன் கீழ்ப்பாதையில் சுற்றி அழைத்துப் போனான். அந்த விதி பெட்டைக் குதிரைக்கும் உண்டா என்று அவள் கேட்டாள். பையன் சிரித்தான்; பெரியப்பாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. பன்றி இறைச்சியை டப்பாவில் அடைத்துக்கூட இந்த மலைக்குள் கொண்டு வரக் கூடாது என்று அல்வானியிலேயே சொல்லிவிட்டார்கள். இரவில் சூரியத்தகட்டு விளக்கொளியில் பாலாடைக்கட்டி நிரப்பிய கோத்தோரி ரொட்டி. ஆட்டுத்தோல் பையில் ஊறிய பாலாடைக்கட்டியின் வாடை மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டாம் நாளே பழகிவிட்டது.

கிரேவி

கிரேவி அந்தப் பள்ளத்தாக்கில் ஆள் இருக்கும் கடைசி ஊர். அட்சுந்தா கணவாயைக் கடந்து அடுத்த மலைப் பகுதியான ஹெவ்சுரேத்திக்கு நடந்து போகிறவர்கள் அங்குள்ள எல்லைக் காவல் சாவடியில்தான் பதிந்துவிட்டுப் போக வேண்டும். மூன்றாம் நாள் காலை முற்றத்தில் குளிர்ந்த நீரில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் குரனாவின் மேலிருந்து இரவுக் கம்பளியை எடுத்தார். அதன் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. சேணத்துக்கான கம்பளியைக் கையில் எடுத்தவர் அதைப் போடாமல் நின்றார்.

இடப்பக்கம், அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளுக்கு ஒரு விரல் கீழே, மயிர் உதிர்ந்து தோல் வெளியே தெரிந்தது. இரண்டு லாரி (ஜார்ஜியப் பணம்) நாணயத்தின் அளவு. நடுவில் இளஞ்சிவப்பாக ஈரம். அதைச் சுற்றி மயிர் ஒட்டிக் காய்ந்து முள்முள்ளாக நின்றது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. குரனாவின் தோல் அந்த இடத்தில் மட்டும் சிலிர்த்து அதை விரட்டியது. பெரியவர் பெருவிரலால் புண்ணைத் தொடாமல் அதன் விளிம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். சூடு இருக்கிறதா, வீக்கம் உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கிறார் என்றான் பையன். குரனா தலையைத் திருப்பி அவர் கையை முகர்ந்துவிட்டு மறுபடி புல்லுக்குப் போனது.

நான் சாய்ந்தது வலப்பக்கம். புண் வந்தது இடப்பக்கம். முதலில் இது என் தலைக்கு ஏறவில்லை. பையன் தன் கைமுட்டியின் மேல் தொப்பியை வைத்து வலப்பக்கமாக இழுத்துக் காட்டினான். தொப்பி சரியும் பக்கம் தளர்கிறது, எதிர்ப்பக்கத்து விளிம்பு எலும்பின் மேல் ஏறி உராய்கிறது. அப்படி இரண்டு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம், அதற்குள் சேணமும் அடக்கம். குட்டையான மலை இனங்கள் அதற்கு மேலும் தாங்கும் என்பார்கள். குரனா முந்நூற்றைம்பது கிலோ இருந்தால் அதற்கு உரிய சுமை எழுபது. நான் மட்டுமே எண்பத்து நான்கு. இதை நான் ஊருக்குத் திரும்பிய பிறகு கணக்குப் பார்க்கவில்லை. கிளம்புவதற்கு முன்பே படித்திருந்தேன், படித்ததை மறந்திருந்தேன்.

பெரியவர் தேநீர்க் கெண்டியில் வெந்நீரும் உப்பும் கலந்து புண்ணின் மேல் ஊற்றினார். பிறகு கம்பளியை மடியில் போட்டு, இடுப்புக் கத்தியால் அதில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தார். குதிரையின் மேல் கம்பளியைப் போட்டபோது அந்த ஓட்டை சரியாகப் புண்ணின் மேல் வந்து உட்கார்ந்தது. தையற்காரர் பொத்தான் துளைக்கு அளவெடுப்பது போல இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அதன் மேல் சேணத்தை வைத்து வாரை இறுக்கி, அங்கவடியைத் தட்டி என்னைப் பார்த்தார். ஏறு என்று பொருள்.

நான் ஏற மாட்டேன் என்றேன்.

இந்த இடத்தைத்தான் ஏழு மாதங்களாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் நான் என்னைப் பற்றி மிக நன்றாக உணர்ந்துகொண்டிருந்தேன் என்பதே அதற்குக் காரணம். வாயில்லாப் பிராணி, என்னால் வந்த புண், நான் நடந்தே வருகிறேன், எத்தனை கிலோமீட்டர் ஆனாலும் சரி என்று பையனிடம் நீளமாகச் சொன்னேன். அவன் அதைச் சுருக்கித்தான் மொழிபெயர்த்திருப்பான். பெரியவர் மறுபடி அங்கவடியைத் தட்டினார். நான் மறுபடி தலையசைத்தேன். அவர் முகம் மாறியது. கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி இலையில் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்தால் வீட்டுக்காரர் முகம் எப்படி இருக்குமோ அப்படி. சில சொற்கள் பேசினார். பையன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான்: "என் குதிரை எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாரா?"

இல்லை, தவறு என்னுடையது என்றேன். அது அவருக்குத் தெரியும் என்றான் பையன். "முதல் நாளிலிருந்து நேராக உட்காரச் சொல்லிக்கொண்டே வருகிறாராம். நீங்கள் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலைக் காட்டினீர்களாம்." ஸ்த்சோராத் என்றால் நேராக.

வால் பிடித்தவன் கதை

கிரேவியிலிருந்து பார்ஸ்மாவுக்கு இறங்கியது வரை என் பெருந்தன்மைக்கு ஒரு குறையும் வரவில்லை. வெறும் சேணத்தோடு குரனாவைப் பெரியவர் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நான் பின்னால் நடந்தேன். பார்ஸ்மாவில் ஆற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கியது. கணவாய் வரைக்கும் ஏறக்குறைய 900 மீட்டர். நாற்பத்தாறு வயது, நாற்காலி உத்தியோகம், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மெலிந்த காற்று. இருபது அடி வைத்தால் ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. மனைவியின் குதிரையும் மூட்டைக் குதிரையும் வளைவுக்கு வளைவு நின்று எனக்காகக் காத்திருந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மேற்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். காகசஸில் கோடை மதியங்களில் மேகம் திரளும். முகட்டின் மேல் வெட்டவெளியில் இடிக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் காலை ஏழு மணிக்கே கிளம்பியிருந்தோம். நான் நடந்த நடையில் அந்த ஏழு மணிக்கு அர்த்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏற்றத்தில் ஓரிடத்தில் அவர் இறங்கி வந்தார். குரனாவின் வாலை எடுத்து, என் வலக்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, விரல்களை மடக்கி விட்டார். பிடித்துக்கொள், அது இழுக்கும். மலைக்காரர்கள் ஏற்றத்தில் இப்படிச் செய்வது உண்டாம். குரனா திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்தது. வால் பிடிப்பது என்று நம் மொழியில் எதற்குச் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்தபோதும் சிரிக்க மூச்சு இல்லை. எந்த முதுகில் ஏற மாட்டேன் என்று காலையில் பிரசங்கம் செய்தேனோ அந்த முதுகின் பின்முனையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அதுவும் போதவில்லை. முதல் இடி, தூரத்தில்தான், கேட்டது.

பெரியவர் தம் சாம்பல் குதிரையைக் கொண்டுவந்து என் முன் நிறுத்தினார். இந்த முறை அங்கவடியைத் தட்டவில்லை. என் இடக்காலைக் கையாலேயே எடுத்து அதில் வைத்தார். நான் ஏறிவிட்டேன். மறுப்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. அவர் குரனாவின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். மிச்சம் நானூறு மீட்டர் ஏற்றம் இருந்தது. குதிரையின் மேலிருந்து எனக்கு அவருடைய பிடரிதான் தெரிந்தது. தொப்பிக்கும் சட்டைக் கழுத்துப் பட்டைக்கும் நடுவே வெயிலில் வெந்த தோல், அதில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கங்கள், வியர்வை. கணவாயின் மேல் ஏறி நின்றபோது அவர் முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்து இருமினார். வெகுநேரம் இருமினார். மனைவி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆலங்கட்டி அங்கேதான் பிடித்துக்கொண்டது. மறுபுறச் சரிவில் எல்லோரும் இறங்கி நடந்தோம். செங்குத்தான இறக்கத்தில் சேணம் முன்னால் சரியும் என்பதால் அங்கே யாருமே குதிரையில் போவதில்லை. என் நடைக்கு அன்று எந்தத் தேவையும் இல்லாமலே நடக்க வேண்டிய இடம் ஒன்று காத்திருந்தது.

நான் ஏற மறுத்ததால் குரனாவுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கருணைக்கான செலவை அன்று நான் கொடுக்கவில்லை. ஓர் அறுபது வயது நெஞ்சு கொடுத்தது. இடிக்குக் கீழே காத்து நின்ற மற்ற நான்கு குதிரைகளும் என் மனைவியும் அந்தப் பையனும் கொடுத்தார்கள். வெட்டி எடுத்த கம்பளியின் மேல், நேராக முதுகை நிமிர்த்தி, ஏற்றம் முடியும் வரை நான் ஏறிப் போயிருந்தால் புண் பெரிதாகியிருக்குமா? பெரியவரின் கணக்கில் ஆகியிருக்காது. நாற்பது ஆண்டுகளாகக் குதிரை முதுகுகளைப் பார்க்கிறவர் அவர். நான் இரண்டு நாளாகப் பார்க்கிறவன். அப்படியும் என் கணக்குதான் பெரிது என்று எனக்கு எப்படித் தோன்றியது? இதை யோசிக்கும்போதெல்லாம் நான் அந்தக் குதிரையைப் பார்க்கவே இல்லையோ என்று சந்தேகம் வருகிறது. அதன் புண்ணைப் பார்த்து, அதற்கு எதிரில் நிற்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நண்பர் ஒருவரிடம் இதைப் பாதி சொன்னேன். அதனால்தான் விலங்குகளின் மேல் ஏறுகிற விடுமுறையே தவறு என்றார் அவர். இன்னொருவர், குதிரை அதற்குத்தானே இருக்கிறது என்றார். இரண்டு பேரும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டார்கள். இருவர் பேச்சிலும் அந்தப் பெரியவர் இல்லை. ஜீப் தடம் வந்த பிறகு மலையில் குதிரை வைத்திருக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆட்டு மந்தையும் உங்களைப் போல வருகிறவர்களும் இருப்பதால்தான் பெரியப்பா இன்னும் ஐந்து குதிரைகளை விற்காமல் வைத்திருக்கிறார் என்று பையன் சொல்லியிருந்தான். அதைச் சொல்லி என்னை நானே விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை.

மரக்கட்டை

வெர்கோவானியில் ஒரு பழைய கோபுர வீடு இருக்கிறது. பாறை நுனியில், கழுகுக் கூடு போல. அதற்கு எதிரே நாங்கள் தங்கிய வீட்டின் முற்றத்தில் விறகு பிளக்கும் மரக்கட்டை ஒன்று கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பெரியவர் என்னைக் கூப்பிட்டு அதன் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்று, என் இடுப்பின் இரண்டு பக்கத்திலும் உள்ளங்கைகளை வைத்தார். வலது கை கீழே இருந்தது, இடது கை மேலே. எனக்கே தெரிந்தது. தட்டையான தரையில், பள்ளமும் இல்லாத இடத்தில், நான் வலப்பக்கம் சரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஆற்றைப் பார்த்துப் பயந்து சாய்ந்தேன் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த கதையும் அங்கே முடிந்தது. இடது இடுப்பை அழுத்திக் கீழே இறக்கினார். "ஸ்த்சோராத்." சரிந்தேன். மறுபடி அழுத்தினார். "ஸ்த்சோராத்." அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தி வாசற்படியில் நின்று வாயில் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நேராக உட்கார்ந்தபோது எனக்கு இடப்பக்கம் விழப் போவது போல இருந்தது. அதுதான் சரி என்றான் பையன். அப்படித் தோன்றினால்தான் நடுவில் இருக்கிறீர்கள் என்று பொருளாம்.

நான்காம், ஐந்தாம் நாட்களில் சாம்பல் குதிரை எனக்கு. பெரியவர், கொஞ்சம் இளைத்திருந்த மூட்டைகளுக்கு நடுவே மூட்டைக் குதிரையின் மேல் உட்கார்ந்து வந்தார். குரனா சேணம் இல்லாமல், கயிறும் இல்லாமல், வீட்டு நாய் போலப் பின்னால் வந்தது. புல் நல்லதாக இருந்த இடங்களில் பின்தங்கி, பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. தோச்சுவில் ஓர் இரவு. 2,345 மீட்டரில் இருக்கும் போச்சோர்னாவில் நின்று தேநீர் குடித்தோம்; ஐரோப்பாவிலேயே உயரமான ஊர் இதுதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு நாளும் பெரியவர் என்னிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். எந்தச் சொல் என்று எழுத வேண்டியதில்லை.

ஓமாலோவில் கணக்கு முடிக்கும்போது பேசிய தொகையோடு நூறு லாரியைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். அவர் எண்ணினார். கூடுதலான தாள்களைப் பிரித்து, மேசையில் இருந்த உப்பு ஜாடிக்கு அடியில் என் பக்கமாக வைத்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கை கொடுத்தார். நான் குரனாவிடம் போனேன். புண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது.

ஜனவரியில் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அல்வானியில், பழத்தோட்டம் ஒன்றின் வேலிக்குள் ஐந்து குதிரைகளும் குளிர்கால மயிர் அடர்ந்து நிற்கின்றன. குரனா பக்கவாட்டில் நிற்கிறது. மனைவிதான் திரையில் இரு விரலை வைத்துப் பெரிதாக்கினாள். இடப்பக்கத்து மேட்டில் இப்போது மூன்று வெள்ளைப் புள்ளிகள். சேணம் அழுத்திப் புண்ணான இடத்தில் மயிர்க்காலின் நிறம் போய்விடும், பிறகு முளைப்பது வெள்ளையாகவே முளைக்கும் என்பது குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் நாள் நான் ஆசையாக எடுத்த படத்தைத் தேடி எடுத்தேன். சுண்ணாம்பு ஒற்றிய இரண்டு புள்ளிகள், அதே பக்கம், அதே மேடு. ஆறு இடக்கைப் பக்கம் ஓடும் அதே வழியில் எனக்கு முன்பே இரண்டு பேர் மலையை நோக்கிச் சாய்ந்தபடி போயிருக்கிறார்கள்.

அவர்கள் யார் என்று பையனிடம் கேட்கத் தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். குதிரைகள் நன்றாக இருக்கின்றன, பெரியப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று மட்டும் அனுப்பினேன். நாள் முழுவதும் பதில் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது வந்தது. இருமல் இல்லை, பெரியப்பா நலம். நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்.

பதில் தட்டுவதற்கு முன் குனிந்து பார்த்தேன். வலது முழங்கை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றியிருந்தது.